பால் துரை

என்னைவிட நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பாளையங்கோட்டையில் இருநூறு பேராவது இருந்தார்கள். முக்கூடலில், என் மனைவி பிறந்த வீட்டில், நான் ஒருவன்தான். வினை அங்கேதான் பிடித்தது.

என் பெயர் கிருபைராஜ். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்துக்கு இங்கிலீஷும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்து வந்தவன். என் மனைவி கெசியாவின் ஒரே தம்பி பாக்கியசீலன். முக்கூடலில் ஆற்றங்கரை ஓரமாக வாழையும் கரும்பும் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்ச் சபையில் பிடில் வாசிப்பான். என்னைவிடப் பத்து வயது இளையவன். நான் எதைச் சொன்னாலும் நம்புவான். அவனுக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

1907-ல் ஒரு வாய்க்கால் இஞ்சினீர் துரை சீமைக்குத் திரும்பும்போது தம் தட்டுமுட்டுகளை ஏலம் விட்டார். அதில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பாக்கியசீலன் எடுத்தான். லைசென்சும் வாங்கிவிட்டான். துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். குழல்களைக் கழற்றி எண்ணெய் போடும்போது இடது குழலின் அடிப்பக்கம், கட்டையோடு சேருகிற இடத்தில், எழுத்துகள் தெரிந்தன.

"அத்தான், இதுல என்னமோ எழுதியிருக்கு. வாசிங்க."

வீடே கூடிவிட்டது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றே வார்த்தை. நாட் ஃபார் பால். மூன்றும் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். பால் என்றால் பந்து என்று முதல் பாரத்துப் பையன்கூடச் சொல்வான். ஆனால் துப்பாக்கியில் பந்துக்கு என்ன வேலை? எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து பேர் மருமகன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஒரு வார்த்தை வர மறுத்துவிட்டது.

எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக இருந்தது. ஆள் பெயர் பெரிய எழுத்தில்தான் தொடங்கும், ஆகவே பால் என்பது ஆள் பெயர் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

"பால்னு ஒரு துரை. 'இது பாலுக்கு இல்லை'ன்னு எழுதியிருக்கு."

"அதாரு அத்தான் பால் துரை?"

"இஞ்சினீர் துரைக்கு அக்கா புருஷன். வீட்டுக்கு வந்தாம்னா கண்ணுல கண்டதையெல்லாம் தூக்கிட்டுப் போயிருவான். துப்பாக்கியாவது மிஞ்சட்டும்னு இரும்புலயே வெட்டி வச்சிட்டாரு."

அதற்கு முந்தின தடவைதான் நான் அந்த வீட்டு வெண்கலப் பானையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாக்கியசீலன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றிலிருந்து பால் துரை அந்தக் குடும்பத்தில் ஒருவன் ஆனான். நான் மூன்றாவது பணியாரத்துக்குக் கை நீட்டினால் பாக்கியசீலன் "நாட் ஃபார் பால்!" என்று கத்துவான். கல்யாண வீடுகளில் என்னைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்லச் சொல்லக் கதையை வளர்த்தேன். பால் துரைக்குச் செம்பட்டை மீசை வந்தது, ஒரு கால் சாய்ந்து நடந்தான்.

பாக்கியசீலனின் தோட்டக் காவல்காரன் முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. "பாலுக்கு இல்லை" என்பதை அவன் வேறுவிதமாக எடுத்துக்கொண்டான். துப்பாக்கியோடு போகிற நாளில் அவன் பால் குடிக்கமாட்டான். மோர்கூடத் தொடமாட்டான். "எழுத்துல இருக்குல்லா ஐயா" என்பான். அதையும் கதையோடு சேர்த்துக்கொண்டேன். அந்த எழுத்துக்குப் பயந்து நடந்த ஒரே ஆள் அவன்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வருஷம் அந்தத் துப்பாக்கி கவுதாரியும் கிளுவை வாத்தும் அடித்துப் போட்டது. பாக்கியசீலனுக்கு அதன் குணம் அத்துப்படி. "வலது குழல் ரவையை வெதைச்ச மாதிரி எறியும் அத்தான். இடது ஒரு மொறத்தளவுக்குள்ள கொண்டுபோய்க் கொட்டும். தூரத்துக்கு இடதுதான்" என்பான்.

1909 டிசம்பரில் ஒரு ஒற்றைப் பன்றி வந்தது. ஒரே வாரத்தில் அரை வாழைத்தோட்டம் போயிற்று. முப்பிடாதியின் நாயை வயிற்றைக் கிழித்துப் போட்டது. பறவைக்குப் போடுகிற பொடி ரவை அதன் தோலுக்குச் சொறிந்துவிடுகிற மாதிரி. ஒற்றைக் குண்டு வேண்டும் என்று பாக்கியசீலன் காலித் தோட்டாக்களோடு ஆள் அனுப்பினான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் வரும்போது மேலப்பாளையத்தில் வாங்கிவரச் சொன்னான்.

மேலப்பாளையத்தில் பீர் மைதீன் கடையில்தான் வெடிமருந்தும் ரவையும் கிடைக்கும். சர்க்கார் லைசென்சு பெற்ற கடை. மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன், தீப்பொறிக்குப் பயந்து, இடுப்புச் சாவிக்கொத்தைக்கூடக் கழற்றி வெளியே வைக்கிற மனுஷர் அவர். நான் காலித் தோட்டாக்களை எடுத்து வைத்துக் குண்டு வேண்டும் என்றேன்.

"குண்டா? துப்பாக்கி ஆருது வாத்தியாரே?"

"என் மச்சினன்து. ரெட்டைக்குழல்."

"கொண்டாந்திருக்கீரா?"

"முக்கூடல்ல இருக்குவே."

அவர் தோட்டாக்களைத் தொடவில்லை. "துப்பாக்கியப் பாக்காம குண்டு எப்படிவே குடுக்கது? ரெட்டைக்குழல்ல பெரும்பாலும் ஒண்ணு விரிஞ்ச வாயா இருக்கும், இன்னொண்ணு ஒடுங்கின வாயா இருக்கும். பாத்தாத் தெரியாது, மயிரிழைதான் வித்தியாசம். பொடி ரவையா இருந்தா ஒடுங்கின வாயில நெருங்கி வெளிய வந்திரும். அதான் சிதறாம தூரத்துக்குப் போகுது. கிட்டக்க எழும்புத காடைக்கு விரிஞ்ச வாயில எட்டாம் நம்பர். தூரத்துக் கிளுவைக்கு ஒடுங்கின வாயில அஞ்சு, ஆறு. நம்பர் கொறையக் கொறைய ரவை பெருசு, அதை மாத்தி நெனைச்சிராதீரும். ரவை பெருசாக ஆக ஒடுங்கின வாய்க்குப் பயந்து போடணும். குண்டு போடவே கூடாது. அது நெருங்குமா? ஒத்தைக் கட்டியில்லா! பொறத்தால இருந்து நெருப்பு தள்ளுது, முன்னால வாய் விடமாட்டேங்கு. நடுவுல குழல் என்னவே செய்யும்?"

"விரிஞ்ச வாயில போட்டா?"

"அதுல போடலாம். அதுக்குத்தான் சொல்லுதேன், எது எதுன்னு தெரியணும்." அவர் மடியிலிருந்து ஒரு தம்பிடிக் காசை எடுத்து என் கையில் வைத்தார். "தோட்டா உள்ள இல்லைன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துட்டு, இதைக் குழல் வாயில வச்சுப் பாரும். உள்ள விழுந்தா விரிஞ்சது. மேலயே நின்னுட்டா ஒடுங்கினது. இன்னொண்ணு, குண்டு போடாதேன்னு வெள்ளக்காரன் சில துப்பாக்கியில குழலுக்கு அடியிலயே வெட்டியிருப்பான். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. வாரவுகளைத்தான் வாசிச்சுச் சொல்லச் சொல்லுவேன்."

நான் சிரித்தேன். கர்த்தாவே, நான் சிரித்தேன்.

"அடியில எழுதியிருக்கு அண்ணாச்சி. நான் வாசிச்சுட்டேன். அது ஒரு துரை பேரு." செம்பட்டை மீசையிலிருந்து வெண்கலப் பானை வரை பால் துரை கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். அவரும் தாடி குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது தவிர வேற எழுத்து ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல."

"வாத்தியார் வாசிச்சாச்சுன்னா சரி. தம்பிடிய மறந்திராதீரும்."

மருந்தைத் தராசில் நிறுத்து, ஆறு தோட்டாவில் ஆறு குண்டு வைத்துக் கொடுத்தார்.

எப்படிப் புரியாமல் போயிற்று என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். புல்லெட் என்று எழுதியிருந்தால் புரிந்திருக்கும். இரண்டு வருஷமாக நான் வளர்த்த பால் துரை குறுக்கே நின்றுவிட்டான். சிரிக்கவைக்கிற கதையை யார் சந்தேகப்படுகிறார்கள்? அந்தத் தம்பிடி கிறிஸ்துமஸ் ஆராதனையில், பாக்கியசீலன் பிடில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, என் சட்டைப்பையிலிருந்து காணிக்கைப் பைக்குள் போயிற்று. போட்ட பிறகுதான் அது எந்தத் தம்பிடி என்று நினைவு வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறின பிறகு, கரும்புக்குள் பன்றி படுத்திருப்பதாக முப்பிடாதி வந்து சொன்னான். ஆற்றுப் பக்கமிருந்து ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. நானும் பாக்கியசீலனும் வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவன் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இடதுல போடட்டா அத்தான்? அதான் தூரம் போகும்."

"போடு. பால் துரை கோவிச்சுக்கிட மாட்டான்."

அவன் சிரித்துக்கொண்டே போட்டான். இடது கையை நன்றாக முன்னால் நீட்டிக் குழலைத் தாங்கிக்கொண்டான்.

கரும்பு பிளந்தது. பன்றி நேராக எங்களைப் பார்த்து வந்தது. அவன் சுட்டான்.

அது துப்பாக்கிச் சத்தமே இல்லை. என் பக்கத்தில் இரும்புச் சட்டி ஒன்று வெடித்த மாதிரி இருந்தது. முகத்தில் சூடாக ஏதோ தெறித்தது. புகை விலகுவதற்குள் பன்றி எங்களைக் கடந்து போய்விட்டது, ஒரு காயமும் இல்லாமல். இடது குழல் வாயிலிருந்து பாதி தூரம் வரை வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. பாக்கியசீலன் நின்றுகொண்டுதான் இருந்தான். இடது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் அங்கே இல்லை. நடுவிரல் தோலில் தொங்கியது.

"அத்தான்" என்றான், சாதாரணமாக. "பன்னி விழுந்துச்சா?"

முப்பிடாதி ஓடிவந்து தன் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றினான். சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து அழுதான். "நான் பால் குடிக்கலயே ஐயா! சத்தியமா காலைல இருந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் குடிக்கலயே!"

வில்வண்டியில் போட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். உயிர் தப்பினான். நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். உடைந்த துப்பாக்கியைப் போலீசார் எடுத்துக்கொண்டு போனார்கள். சப் இன்ஸ்பெக்டர் என்னிடம் வாக்குமூலம் கேட்டார்.

குழல் ஏன் வெடிக்கும்? ஊரெல்லாம் ஒரே பேச்சு: மருந்து கூடிப்போயிருக்கும். நானும் அதைத்தான் சொன்னேன். "தோட்டாவில் மருந்து அளவுக்கு மீறி இருந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன்" என்று இங்கிலீஷில் எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே பீர் மைதீன் கடைக்கு முத்திரை வைத்தார்கள். லைசென்சைப் பிடுங்கிவிடுவார்கள், ஜெயிலுக்கும் அனுப்பலாம் என்று சொன்னார்கள். எனக்கு அவர்மேல் கோபமாகவே இருந்தது. அத்தனை பேசிவிட்டு அளவைத் தவறவிட்டாரே என்று பல்லைக் கடித்தேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. நாலாம் பாரத்துச் சரித்திரத்தில் கோட்டை முற்றுகைப் பாடம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் ஜனவரி இரண்டாம் வாரத்தில் நடத்துவேன். ஒரு வரி இங்கிலீஷில் வாசிப்பேன், உடனே தமிழில் சொல்வேன். பழக்கம்.

"பவுடர் அண்ட் பால்" என்று வாசித்தேன். "மருந்தும் குண்டும் தீர்ந்துபோகவே, கோட்டைக்குள் இருந்தவர்கள்..." என்றேன்.

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

வகுப்பு காத்திருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்தேன். பால். மேல் வரியைப் பார்த்தேன், கீழ் வரியைப் பார்த்தேன். அதே நாலு எழுத்து. குண்டு என்று என் வாய்தான் இப்போது சொல்லியது. போன ஜனவரியிலும் சொல்லியது. துப்பாக்கி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே, ஆறு வருஷமாக, இதே மேடையில் நின்று, பால் என்றால் குண்டு என்று நான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். பையன்களைத் தாங்களே படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மணி அடிக்கும் வரை அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கெசியாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது.

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது. துப்பாக்கியப் போலீஸ்காரன் கழத்திப் பாக்கல. எழுத்து அடியில இருக்கு."

"அப்ப எதுக்கு எங்கிட்டச் சொன்னீக?" என்று கத்தினாள். "எந் தம்பி கைய நான் பாக்கும்போதெல்லாம் இனி உங்க மூஞ்சில்லா தெரியும்!" முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்த பிறகு, முகத்தைத் துடைக்காமலே, "விசாரணை என்னைக்கு?" என்று கேட்டாள்.

அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரியில் விசாரணை. தாசில்தார் திருஞானசம்பந்தம் பிள்ளை மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசைமேல் துப்பாக்கி. பாக்கியசீலன் கட்டுப்போட்ட கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பிடாதி வாசலோரம் நின்றான். பீர் மைதீன் ஒரு மாதத்தில் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். என் வாக்குமூலத்தைக் குமாஸ்தா படித்துத் தமிழிலும் சொன்னார். என் இங்கிலீஷைத் தாசில்தார் தலையசைத்து மெச்சினார்.

"பீர் மைதீன், நீர் என்ன சொல்லுதீர்?"

"எசமான், மருந்தைத் தராசுல நிறுத்துத்தான் போட்டேன். அன்னைக்கு இருந்து எத்தனையோ தடவ மனசுக்குள்ள நிறுத்துப் பாத்துட்டேன். பிசகு தெரியல." அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா துப்பாக்கியில குண்டு போடாதேன்னு எழுத்து இருக்கான்னு கேட்டேன். அப்படி ஒண்ணும் இல்லைன்னு வாத்தியாரே வாசிச்சுச் சொல்லிட்டாரு. படிச்சவரு சொன்னதுல தப்பு இருக்குமா? அப்ப பிசகு எம்மேலதான் இருக்கணும். அல்லா அறிய, வேணும்னு செய்யல. அந்தத் தம்பி என்னை மன்னிக்கணும்." அவர் பாக்கியசீலனைப் பார்த்துக் கைகூப்பினார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"எசமான், அந்தக் குழலைக் கழத்திப் பாக்கணும்."

தாசில்தார் முகத்தைச் சுளித்தார், ஆனால் சரி என்றார். துப்பாக்கி கழற்றத் தெரிந்தவன் பாக்கியசீலன் என்பதால் பழக்கத்தில் அவனே எழுந்து வந்தான். வலது கையால் கட்டையைப் பிடித்தான். இடது கை குழலைப் பிடிக்கப் போய், பிடிக்க விரல் இல்லாமல் நழுவியது. நான் வாங்கிக்கொண்டு கழற்றினேன். இடது குழலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"நாட் ஃபார் பால்" என்று வாசித்தேன்.

"பாலுக்கு இல்லை" என்று வாசலில் முப்பிடாதி முணுமுணுத்தான். பாக்கியசீலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எதிரே நின்ற பீர் மைதீன் முகத்தில்கூட அந்தக் கதையின் நினைவு வந்து போயிற்று.

"பால்னா குண்டு எசமான்" என்றேன். "இந்தக் குழல்ல குண்டு போடக்கூடாதுன்னு எழுதியிருக்கு. அவரு எங்கிட்டக் கேட்டாரு. நான் அது ஒரு துரை பேருன்னு சொன்னேன். வாயில வச்சுப் பாக்கத் தம்பிடியும் குடுத்தாரு. நான் பாக்கல. இடதுல போடட்டான்னு இவன் கேட்டான். போடுன்னு நாந்தான் சொன்னேன். மருந்துல பிசகு இல்ல. நான் எழுதிக் கொடுத்தது பொய்."

குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. பீர் மைதீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா" என்று மெல்லச் சொன்னார்.

பாக்கியசீலன் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை. இரும்பில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப பால் துரைன்னு ஒருத்தன் இல்லவே இல்லையா அத்தான்?"

"இல்ல மாப்ளே" என்றேன்.

அதற்கு மேல் நான் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் போகிறேன் என்பதுபோல அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.